விரியன் தேதி சொல்லிவிட்டா கடிக்கும்?

போன வாரம் நம்ம ஊர் வாட்ஸப் குரூப்பில் ஒரு செய்தி சுற்றியது. கிட்னி திடீரென்று செயலிழப்பதை ஜீன் தெரபி தடுத்துவிடுமாம். "இனி டயாலிசிஸே வேண்டாம்" என்று ஒரு நண்பர் குதிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. (ஆராய்ச்சி மேல் இல்லை, குதித்தவர் மேல்.)

நான் பி.காம். படித்த பேங்க் ஆசாமி. டாக்டர் இல்லை, ஆனால் சின்ன எழுத்தில் இருப்பதைப் படிக்கிற பழக்கம் உண்டு. அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தார் 2018-ல் வெளியிட்ட ஆய்வு அது. நடந்தது எலிகளில். முதலில் ஜீனைச் செலுத்திவிட்டு, அப்புறம்தான் கிட்னிக்குப் பாதிப்பை உண்டாக்கிப் பார்த்தார்கள். நாள் குறித்துச் செய்யும் இதய ஆபரேஷனுக்கு ஒருநாள் உதவலாம். சரி. ஆனால் சித்தூர் பக்கம் கடலைக் காட்டில் கண்ணாடி விரியன் தேதி சொல்லிவிட்டா கடிக்கும்?

என் சித்தப்பாவைக் கடித்தது சாயங்காலம் ஆறு மணிக்கு. துண்டால் இறுக்கிக் கட்டி, முதலில் மந்திரிக்கத்தான் கூட்டிப்போனார்கள். அடுத்துப் போன ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஸ்டாக் இல்லை. திருப்பதி போய்ச் சேரும்போது நடுராத்திரி. அதற்குள் மூத்திரம் நின்றுவிட்டது. மூன்று வாரம் டயாலிசிஸ். பிழைத்தார், கிட்னி முழுசாகத் திரும்பவில்லை. சித்தியின் வளையல்கள் என்னைப் போன்ற ஒரு ஆபீசரின் பெட்டகத்துக்குப் போயின.

விஷமுறிவு மருந்து ரத்தத்தில் சுற்றும் விஷத்தைத்தான் முறிக்கும். கெட்டுப்போன கிட்னியைத் திருப்பித் தராது. விரியன் விஷம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க லேப் கூட வேண்டாம் சார். 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிஷம் ஆட்டாமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கவேண்டும். உறையவில்லையா, உடனே மருந்து ஏற்றவேண்டும். அவ்வளவுதான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் வருஷத்துக்கு சராசரி 58,000 பேர் பாம்புக்கடியில் செத்ததாக மதிப்பீடு.

"அப்போ ஜீன் தெரபியே வேண்டாமா?" வேண்டும். பக்கத்து வேலூர் சி.எம்.சி.யிலேயே ஹீமோஃபீலியா நோயாளிகள் 5 பேருக்குச் செய்து 2024-ல் வெளியிட்டார்கள், பெருமைதான். அது பிறவி நோய். நாள் பார்த்துச் செய்ய அவகாசம் உண்டு. திருப்பதியில் ஸ்விம்ஸும் இருக்கிறது. நமக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை, முதல் இரண்டு மணி நேரத்துக்குத்தான் பஞ்சம்.

பொங்கல் விழாவுக்கு வசூல் பண்ணுகிறோமே, ஒரு போன் பண்ணக் கூடாதா? உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். நான் நேற்று எங்கள் ஊருக்குப் பண்ணினேன்.

"லேது சார், இண்டென்ட் பெட்டாம்."

இல்லையாம். கேட்டு எழுதியிருக்கிறார்களாம்.