20,000 மடங்கு குறைஞ்சது எப்படி?

வீட்டுக்கு வர்ற 20 லிட்டர் தண்ணி கேனைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க. அடியில் முக்கோணத்துக்குள்ள 7-னு போட்டிருந்தா, அது பாலிகார்பனேட்டா இருக்க வாய்ப்பு அதிகம். அதைத் தயாரிக்கப் பயன்படுற வேதிப்பொருள், பிஸ்பீனால் ஏ.

2015-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதுக்கு வெச்ச தினசரி வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். 2023-ல் அதே ஆணையம் சொன்னது 0.2 நானோகிராம். 20,000 மடங்கு குறைவு!

வேதிப்பொருள் மாறல. பார்த்த தரவுதான் மாறுச்சு. 2013-க்குப் பிறகு வெளியான 800-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை எடுத்துப் படிச்சாங்க. நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு வர்ற பாதிப்பு அதில்தான் பெருசா தெரிஞ்சது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இந்தக் கணக்கை ஏத்துக்கல. அதையும் காரணத்தோட எழுத்துல கொடுத்தாங்க. சண்டைன்னா இப்படிப் போடணும்.

"பல்கலைக்கழக ஆய்வா? ஜி.எல்.பி. விதிப்படி செய்யலையே, தள்ளு" என்பது கம்பெனிகளின் பழைய வாதம். அந்த விதி ஏன் வந்துச்சு தெரியுமா? கம்பெனிகளுக்காகச் சோதனை செஞ்ச தனியார் ஆய்வகங்களில் மோசடி பிடிபட்டதால, 1978-ல் அமெரிக்கா கொண்டுவந்தது!

நாம கேட்கிறது ஒண்ணுதான். இங்கே ஒரு வரம்பு போடும்போது எந்த ஆய்வை எடுத்தீங்க, எதை ஏன் தள்ளினீங்க? முழுப் பட்டியலையும் பொதுவெளியில் வையுங்க.

அதுவரைக்கும் கேனை வெயில்ல வைக்காதீங்க. சூடு ஏறினா கசிவு கூடும்.