பிள்ளை பெற்ற உடம்பும் பத்து மீட்டர் மேடையும்

"பிள்ளை பெத்த உடம்பு, இனிமே இது எதுக்கு லாயக்கு?" என்று சலித்துக்கொள்ளாத தாய்மார் நம்மில் எத்தனை பேர்? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பழைய ரவிக்கை கையில் ஏற மறுக்கிறது. குனிந்து நிமிர்ந்தால் இடுப்பைப் பிடிக்கிறது. அப்படி அலுத்துப்போன சகோதரிகளுக்காக இந்த இதழில் ஓர் அமெரிக்கப் பெண்மணியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பெயர் பாட் மக்கார்மிக். உயரத்திலிருந்து கரணம் போட்டுக் குளத்தில் பாய்கிறார்களே, அந்த டைவிங் போட்டியில் உலகப் புகழ் பெற்றவர்.

இந்தப் போட்டி இரண்டு விதம். ஒன்று 3 மீட்டர் உயரத்தில் உள்ள துள்ளு பலகையிலிருந்து குதிப்பது. மற்றது 10 மீட்டர் உயரத்தில் அசையாமல் நிற்கும் மேடையிலிருந்து குதிப்பது. பத்து மீட்டர் என்றால் நம் ஊர்க் கணக்கில் மூன்று மாடி! கீழே வந்து சேர ஒன்றரை விநாடிகூட ஆகாது. தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். கிராமத்துக் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர்களுக்குத் தெரியும், வயிறு தட்டையாக விழுந்தால் எப்படி எரியும் என்று. அந்த மேடையிலிருந்து அப்படி விழுந்தால் கேட்கவே வேண்டாம்.

பாட்ரிஷியா கெல்லர் என்ற இந்தப் பெண் 1930ல் கலிஃபோர்னியாவில், சீல் பீச் என்ற கடலோர ஊரில் பிறந்தவர். தண்ணீரிலேயே வளர்ந்த குழந்தை. 18 வயதில், 1948ஆம் வருஷ ஒலிம்பிக்கிற்கான தேர்வில் கலந்துகொண்டார். ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் வாய்ப்பு கைநழுவிப் போயிற்று. நாமாக இருந்தால், "நமக்குக் கொடுப்பினை இல்லை" என்று மூலையில் உட்கார்ந்திருப்போம். அவர் மறுபடி ஏணி ஏறினார்.

டைவிங் வீரரான கிளென் மக்கார்மிக்கை மணந்துகொண்டார். கணவரே பயிற்சியாளரும் ஆனார். வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்கு எண்பது, நூறு முறை குதித்துப் பழகினார். அதற்கு உடம்பு கொடுத்த விலையும் சின்னதல்ல. 1951ல் ஒரு டாக்டர் பரிசோதித்தபோது, தலையில் ஆறிப்போன பெரிய காயம், முறிந்து கூடிய விலா எலும்பு, விரல் எலும்பு, ஆட்டம் கண்ட தாடை என்று ஒரு பட்டியலே இருந்தது!

1952ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக். பலகை, மேடை இரண்டிலும் பாட்டுக்கே தங்கம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். 1956ல் அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதே வருஷம் நவம்பர் கடைசியில் மெல்போர்னில் ஒலிம்பிக். கைக்குழந்தைக்காரி எங்கே போகப்போகிறாள் என்று ஊரார் நினைத்திருக்கலாம். அவரோ கர்ப்ப காலத்திலும் நீச்சலை விடவில்லை. பிரசவத்துக்கு இரண்டு நாள் முன்புவரைகூட தினம் அரை மைல் நீந்தினாராம். பிள்ளை பெற்ற சில மாதங்களில் மெல்போர்ன் போனார். பலகையில் 16 புள்ளிக்கு மேல் முந்தி முதலிடம். மேடையில்தான் கடும் போட்டி. 84.85க்கு 81.64 என்று, மூன்றேகால் புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார். இரண்டாவதாக வந்த ஜூனோ இர்வினும் ஒரு தாய்தான் என்பது கூடுதல் சேதி!

அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்கில் இரண்டு தங்கமும் வாங்கியவர் அதற்கு முன் ஆணிலும் இல்லை, பெண்ணிலும் இல்லை. 32 வருஷம் கழித்து, 1988ல்தான் கிரெக் லூகானிஸ் அதைச் சமன் செய்தார்.

அத்துடன், 26 வயதில், பாட் போட்டியிலிருந்து விலகினார். 1960ல் பிறந்த மகள் கெல்லி அம்மாவின் வழியிலேயே வந்து, 1984ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பலகைப் போட்டியில் வெள்ளியும், 1988ல் சியோலில் வெண்கலமும் வாங்கினாள். அந்த 1984ல் தங்கம் தவறியது எவ்வளவில் தெரியுமா? அதுவும் மூன்றேகால் புள்ளிக்கும் குறைவுதான்! அம்மாவுக்குக் கொடுத்த கணக்கை மகளிடம் திருப்பி வாங்கிக்கொண்டது போலிருக்கிறது. பாட் 2023ல், 92ஆம் வயதில் காலமானார்.

"அதெல்லாம் வெள்ளைக்காரிக்குச் சரி, நமக்கு ஆகுமா?" என்கிறீர்கள். அவர் செய்ததை அப்படியே செய்யச் சொல்லவில்லை. கர்ப்ப காலத்தில் உயரத்திலிருந்து குதிப்பது கூடவே கூடாது. பாட்டின் உடம்பு வருஷக்கணக்கில் பழகிய உடம்பு என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் அடிப்படை ஒன்றுதான்: பிரசவம் நோய் அல்ல. படுத்தே கிடந்தால் உடம்பு தேறிவிடாது.

சிக்கல் இல்லாத பிரசவமானால் சில நாட்களிலேயே வீட்டுக்குள் மெதுவாக நடக்கலாம். சிசேரியன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் பயிற்சியைத் தொடங்க வேண்டும். இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறதா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். சிறுநீரை அடக்குவது போல் அடித்தசைகளை இறுக்கி, ஐந்து எண்ணிவிட்டுத் தளர்த்துங்கள். வேளைக்குப் பத்து தடவை, தினம் மூன்று வேளை. பெரும்பாலோருக்கு நல்ல குணம் தெரியும். போகப் போக, வாரத்துக்கு 150 நிமிஷம் வேக நடை போன்ற பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. கூட்டிப் பார்த்தால் நாளைக்கு அரை மணிகூட இல்லை.

ஆனால் அந்த அரை மணி எங்கிருந்து வரும்? பாட் பயிற்சி செய்தபோது குழந்தையை யாரோ ஒருவர் வைத்துக்கொண்டிருந்திருப்பார் அல்லவா? ஆகவே இந்தப் பக்கத்தை வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் காட்டுங்கள். "நான் ஒரு சுற்று நடந்துட்டு வரேன், குழந்தையைக் கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று கேளுங்கள். கேட்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை.