தண்ணீர் போகும் வழி தெரியாமல் என்ஜினைத் திறக்கலாமா?

விளைந்த காயைச் சந்தைக்குக் கொண்டுபோக வாடகை வண்டியையே நம்பியிருந்த நிலை மாறி வருகிறது. இரண்டு, மூன்று ஏக்கரில் தக்காளியும் கத்தரியும் பயிரிடும் விவசாயிகள்கூட இன்று பழைய டீசல் பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்திக்கொள்கிறார்கள். இது வரவேற்க வேண்டிய மாற்றமே. பறித்த காய் அன்றைக்கே ஏலத்துக்குப் போய்ச் சேருகிறது. ஆனால் பழைய வண்டியோடு பழைய நோய்களும் சேர்ந்தே வீட்டுக்கு வருகின்றன. அவற்றில் மிகவும் குழப்பம் தருவது, ரேடியேட்டரில் ஊற்றும் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியாமல் குறைந்துகொண்டே போவதாகும். வண்டி நின்ற இடத்தில் தரை நனைந்திருக்காது; குழாய்களில் ஒழுக்கு தெரியாது; ஆனால் வாரத்துக்கு இரண்டு லிட்டர் ஊற்றியாக வேண்டும்.

இந்த நோய்க்கு நம் பக்கத்துப் பட்டறைகளில் நடக்கும் வைத்தியம் தலைகீழாக இருக்கிறது என்பது என் கருத்து. செலவு மிகுந்த வேலையை முதலில் செய்கிறார்கள். செலவே இல்லாத சோதனையைக் கடைசியில் செய்கிறார்கள். இதற்குப் பட்டறைக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வண்டிக்குச் சொந்தக்காரர்களாகிய நாமும் பாதிக் குற்றவாளிகள். அதை விளக்கவே இந்தக் கட்டுரை.

பட்ட அனுபவம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படி ஒரு வண்டி வாங்கினேன். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதத்திலிருந்து தண்ணீர் குறையத் தொடங்கியது. பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் விடியற்காலையில் எழுபது பெட்டி தக்காளியுடன் ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகும் வழியில், மேட்டில் ஏறும்போது சூட்டு முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஓரமாக நிறுத்தி, என்ஜின் ஆறும்வரை காத்திருந்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் ஏலம் முடிந்துவிட்டது. மீந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். பறிகூலிக்கே அந்தப் பணம் சரியாகப் போயிற்று.

அந்தப் பயத்தில், பட்டறையில் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். 'ஹெட் காஸ்கெட் போயிருக்கும், இறக்கிப் பார்த்துவிடலாம்' என்றார்கள். ஹெட்டை இறக்கி, கடைசல் பட்டறைக்கு அனுப்பி, புது காஸ்கெட் போட்டு ஏற்ற ஒன்பது நாள் ஆயிற்று; செலவு 28,000 ரூபாய். வண்டியை எடுத்து வந்த மறுவாரமே பழையபடி தண்ணீர் குறைந்தது.

பிறகு உறவினர் ஒருவர் வேறொரு பட்டறையில் இருந்த வயதான மெக்கானிக்கிடம் அனுப்பினார். 'ராத்திரி வண்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போ தம்பி. சூடேறாத என்ஜினைத்தான் நான் பார்க்க வேண்டும்' என்றார் அவர். காலையில் ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சைக்கிள் பம்பு போன்ற ஒரு கைப்பம்பைப் பொருத்திக் காற்றை ஏற்றினார். அதிலிருந்த முள் கால் மணி நேரம் அசையவில்லை. பிறகு பம்பைக் கழற்றாமலே என்ஜினை ஓடவிட்டார். முள் திடீரென்று எகிறவும் இல்லை. 'உன் ஹெட்டுக்கு நோய் இல்லை' என்றார். என்ஜின் சூடேறிய பிறகு, வாட்டர் பாடி என்று நாம் சொல்லும் தண்ணீர்ப் பம்பின் அடியில் இருக்கும் சிறு துளையில் ஈரம் தெரிந்தது. சூட்டிலும் விசிறிக் காற்றிலும் அது தரைக்கு வராமலே காய்ந்துபோய், வெள்ளைப் பொருக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. அதே கைப்பம்பில் ரேடியேட்டர் மூடியையும் பொருத்திப் பார்த்தார். தாங்க வேண்டிய அழுத்தத்தில் பாதியிலேயே அது திறந்துகொண்டது. வாட்டர் பாடியும் மூடியும் மாற்றியதில் மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய்தான் ஆயிற்று. அன்றிலிருந்து தண்ணீர் மட்டம் இறங்கவில்லை.

மூடியைப் பற்றி ஒரு வார்த்தை

ரேடியேட்டர் மூடி வெறும் மூடியல்ல. அது ஒரு வால்வு. என்ஜின் சூடேறும்போது உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தை மூடி தாங்கிப் பிடிப்பதால்தான் 100 டிகிரியிலும் தண்ணீர் கொதிப்பதில்லை. 1 பார் அளவு கூடுதல் அழுத்தத்தில், கொதிநிலை சுமார் 120 டிகிரி சென்டிகிரேடு ஆகிறது. மூடியின் மேலேயே 0.9 அல்லது 1.1 என்று அந்த அளவு பொறிக்கப்பட்டிருக்கும். ரப்பர் வளையம் தேய்ந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ அழுத்தம் நிற்காது. பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது தண்ணீர் கொதித்து, உபரித் தொட்டிக்குப் போய், அங்கிருந்து வெளியே வழிந்துவிடும். ஓடும் வண்டியில் வழிவதால் யார் கண்ணுக்கும் படாது. வண்டி ஆறியதும் தொட்டியிலுள்ள தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுப்பதும் இந்த மூடியிலுள்ள சிறு வால்வுதான். தொட்டி நிறைந்து ரேடியேட்டர் குறைந்திருந்தால் முதல் சந்தேகம் மூடியின் மீதே விழ வேண்டும். சில நூறு ரூபாய்ப் பொருளை மாற்றிப் பார்க்காமல் ஹெட்டை இறக்குவது, காய்ச்சல் என்றதும் வயிற்றைக் கிழிப்பதற்குச் சமம்.

எந்த வரிசையில் பார்ப்பது?

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். பால் கணக்கு எழுதும் வீட்டில் தண்ணீர்க் கணக்கும் எழுதலாம். காலையில் ஆறிய என்ஜினில் மட்டத்தைப் பார்த்து, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, பாரம் இருந்ததா, எவ்வளவு ஊற்றினோம் என்று இரண்டு வாரம் குறித்து வந்தால் பாதி விடை கிடைத்துவிடும். பாரத்தோடு போன நாளில் மட்டும் குறைகிறதா, நின்ற வண்டியிலும் குறைகிறதா என்பது பெரிய வித்தியாசம். அண்மையில் தண்ணீரை மாற்றியிருந்தால், உள்ளே தங்கிய காற்று வெளியேறி மட்டம் ஓரிரு முறை இறங்குவது இயல்பு. அதை ஒழுக்கு என்று எண்ணிப் பயப்பட வேண்டாம்.

இரண்டாவதாக வெளிப்புறம். ஹோஸ் பொருந்தும் இடங்கள், கிளிப்புகள், ரேடியேட்டரின் பக்கத்துத் தொட்டிகள், வாட்டர் பாடியின் அடித்துளை, என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வட்டத் தகட்டு மூடிகள், கேபினுக்குள் ஹீட்டர் இருந்தால் அதன் அடிப்பாகம் ஆகியவற்றில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குத் தட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈரம் காய்ந்துவிடும், பொருக்குக் காயாது. இதைப் பார்க்குமுன் என்ஜினைக் கழுவிவிடக் கூடாது.

மூன்றாவதாகத்தான் கைப்பம்புச் சோதனை. மூடியில் பொறித்த அளவுக்கு மேல் காற்று ஏற்றக் கூடாது. முள் இறங்கி, வெளியே ஈரமும் தெரியவில்லை என்றால்தான் உள்ளொழுக்கைச் சந்தேகிக்க வேண்டும்.

உள்ளொழுக்குக்கும் அடையாளங்கள் உண்டு. ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், தண்ணீர் சூடேறுவதற்கு முன்பே, மேல் ஹோஸ் கல்போல் இறுகினால் சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் வருகிறது என்று பொருள். ரேடியேட்டரில் ஓயாத குமிழிகள் தெரிவதும் அதையே காட்டும். என்ஜின் ஆயில் மட்டம் ஊற்றாமலே உயர்வதும், ஆயில் முழுவதும் மோர்போல் வெளுப்பதும் கெட்ட அறிகுறிகள். ஆனால் ஆயில் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெள்ளை நுரை இருந்தால் அது குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் சேரும் வியர்வையாக இருக்கலாம். சைலன்சரில் வெண்புகை வந்தாலும் முகர்ந்து பார்க்க வேண்டும். கண் எரிந்தால் அது எரியாத டீசல். இனிப்பு வாடை வந்தால் கூலண்ட்.

இன்னொன்றும் உண்டு. அண்மைக் கால டீசல் வண்டிகள் பலவற்றில், புகையின் ஒரு பகுதியைக் குளிரவைத்து மீண்டும் என்ஜினுக்கே அனுப்பும் ஈ.ஜி.ஆர். கூலர் இருக்கிறது. அதன் உட்குழாய் வெடித்தால் தண்ணீர் நேரே புகையோடு போய்விடும். ஹோஸ் இறுகாது, ஆயில் வெளுக்காது, தரையும் நனையாது. ஹெட்டை இறக்கினாலும் ஒன்றும் தெரியாது. கூலரைத் தனியே கழற்றிச் சோதித்தால்தான் அகப்படும். லைனரைச் சுற்றித் தண்ணீர் ஓடும்படி அமைந்த என்ஜின்களில், வெறும் தண்ணீரிலேயே பல ஆண்டுகள் ஓட்டினால் லைனரின் வெளிப்புறத்தில் ஊசித் துளைகள் விழுவதும் உண்டு.

தண்ணீர் குறைந்திருக்கும் வண்டியில் காலையில் ஸ்டார்ட்டர் ஒரு தட்டுத் தட்டி நின்றுவிட்டால் மீண்டும் மீண்டும் சாவியைத் திருப்பக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

செய்யக் கூடாதவை

சூடான என்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது. முகமும் கையும் வெந்து போனவர்கள் உண்டு. ஒழுக்கை அடைக்க மஞ்சள் தூள் போடுவதும், அடைப்புப் பொடி போடுவதும் வழியில் நின்றவன் வீடு வந்து சேர உதவலாம், வைத்தியமாகாது. ஒழுக்கை அடைக்கும் பொருள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீரை ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு படியும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரோடு, வண்டிக்கு உரிய கூலண்டைச் சேர்த்து ஊற்றுவதே முறை.

கால்நடை வளர்ப்போர் ஒன்றை மறக்கலாகாது. கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய விஷம். அதைத் தொழுவத்தின் பக்கத்தில் வடித்துவிட்டால் ஆடும் மாடும் நாயும் நக்கிச் சிறுநீரகம் கெட்டுச் சாகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. வடித்த கூலண்டைக் கேனில் பிடித்துப் பட்டறையிலேயே ஒப்படைக்க வேண்டும்.

நமது குற்றம் என்ன?

அந்த வயதான மெக்கானிக் சோதனைக்கு 300 ரூபாய் கேட்டார். 'ஒன்றையும் கழற்றவில்லையே, எதற்குப் பணம்?' என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. 28,000 ரூபாயை மறுபேச்சின்றிக் கொடுத்த நான், 300 ரூபாய்க்குத் தயங்கினேன். நோயின் வேர் இங்கேதான் இருக்கிறது. நாம் கழற்றியதற்கும் மாட்டியதற்கும் பணம் கொடுக்கிறோம். கண்டுபிடித்ததற்குக் கொடுக்க மறுக்கிறோம். அப்படியிருக்கக் கழற்றுவதுதானே பட்டறையில் நடக்கும்? பட்டறைக்காரருக்கும் குடும்பம் உண்டு. அரை நாள் செலவிட்டு, 'மூடிதான் கெட்டது' என்று உண்மையைச் சொல்பவர் வெறுங்கையோடு போவதும், ஊகித்து ஹெட்டை இறக்கியவர் ஆயிரக்கணக்கில் வாங்குவதும் நாம் வகுத்த நியதியே.

மண்ணைப் பரிசோதிக்காமல் உரத்தைக் கொட்டாதீர்கள் என்று இத்தனை ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். வண்டிக்கும் அதுவே விதி. ஆகவே பட்டறைக்குப் போகும்போது, 'முதலில் சோதனை. அதற்குத் தனிக்கூலி தருகிறேன். எதனால் என்று காட்டிய பிறகு கழற்றலாம்' என்று சொல்லிவிட வேண்டும். சோதிக்காமல் ஹெட்டை இறக்கச் சொல்லும் பட்டறையிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதில் வெட்கமில்லை.

உழவர் உற்பத்தியாளர் குழுக்களும் இதில் உதவலாம். மருந்து தெளிப்பானையும் களையெடுக்கும் கருவியையும் பொதுவில் வைத்திருப்பதுபோல, ஒரு கைப்பம்பையும் சில அளவு மூடிகளையும் வாங்கி வைத்தால் பல வண்டிகளுக்குப் பயன்படும். உறுப்பினர்களின் பிள்ளைகளில் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தவர் ஒருவர் இருந்தாலே போதும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக நிறுத்தியிருக்கும் வண்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆறிய என்ஜினில் மூடியை நீங்களே திறந்து பாருங்கள். துருத் தண்ணீரோ எண்ணெய்ப் படலமோ இருந்தால் விலையை மறந்துவிட்டுத் திரும்புங்கள். பளபளவென்று கழுவிய என்ஜினைக் கண்டு மயங்கவும் வேண்டாம். கழுவியதில் பொருக்கும் போயிருக்கும்.

ஒரு லோடு தக்காளியின் விலை ஒரு மணி நேரத் தாமதத்தில் போய்விடும். அந்தப் பணம் பறிப்பவரின் கூலியும், பிள்ளையின் பள்ளிக் கட்டணமும், அடுத்த நாற்றின் விலையுமாகும். அதைக் காப்பது ஒரு நோட்டுப் புத்தகமும், ஒரு புது மூடியும், கால் மணி நேரப் பொறுமையுமே. தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிந்த பிறகு ஸ்பேனரைக் கையில் எடுக்கச் சொல்லுங்கள்.