இரக்கமும் ஆராய்ச்சியும்

எம் விடுதியில் உறையும் உயிரியல் மாணவர் ஒருவர், பட்டம் பெற்றபின் விலங்குகளைக் கொண்டு நோய்க்கு மருந்து காணும் ஆராய்ச்சியிற் புக விழைகின்றார். அது கேட்ட தோழர் சிலர், "எலியை வதைக்கவோ இத்துணைக் கல்வி?" என எள்ளினர். அவரும் நாணி வாளாவிருந்தார். தமிழ் பயிலும் எமக்கு இவ்வழக்கில் என்ன வேலை என வினவுவார் உளராகலாம். கொல்லாமையைப் பேரறமாகப் போற்றும் நூல்களை நாடோறும் ஓதும் யாம், அவ்வறத்தின்முன் அவர் விருப்பம் நிற்குமோ என ஆராய்தல் கடனேயாகும்.

எள்ளினார் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. வாயில்லாப் பிராணி தன் இசைவைத் தரமாட்டாது. வலியோ அதற்கும் உண்டு. மக்கள் நலத்தின்பொருட்டு என்னும் ஒரு சொல்லால் எல்லாக் கொடுமையும் நீதியாகிவிடாது. அடைக்கலான் குருவியையும் மறவாத ஆண்டவரை வணங்கும் நாம் இதனை மறத்தல் தகாது.

எனினும், வெறிநாய்க்கடி மருந்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1885-இல் பாஸ்டர் என்னும் பேரறிஞர், முயலின் முதுகுத்தண்டினின்று ஆக்கிய மருந்தை, நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு இடுவித்தார், சிறுவன் பிழைத்தான். பின்னர் நம் நாட்டில் ஆட்டின் மூளையினின்று செய்த மருந்து நெடுங்காலம் வழங்கிற்று. வயிற்றிற் பல நாள் ஊசி ஏற்ற துன்பத்தை முதியோர் இன்றும் கூறுவர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கைவிடப்பட்டது. இக்காலத்து மருந்தோ, கலங்களில் வளர்க்கப்படும் உயிரணுக்களைக் கொண்டு செய்யப்படுகின்றது. அதன் பயனை நாயினமும் பெறுகின்றது. ஆடுகளை அத்துன்பத்தினின்று விடுவித்தவர் யாவர்? புறத்தே நின்று பழித்தவர் மட்டுமல்லர். உள்ளே புகுந்து வேறு வழி கண்ட ஆராய்ச்சியாளரேயாவர்.

1959-இல் ரசல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் மூன்று நெறிகளை வகுத்தனர்: இயலுமிடத்து விலங்கிற்கு மாற்றுக் காண்டல், வேண்டும் விலங்குகளின் தொகையைக் குறைத்தல், நேரும் நோவைத் தணித்தல். நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டமும், தவிர்க்கக்கூடிய சோதனையைத் தவிர்க்கவேண்டுமென்றும், கைப்பழக்கம் பெறுதற்கென்றே சோதனை செய்தலாகாதென்றும் விதிக்கின்றது. ஆயின் சட்டம் ஏட்டிலுள்ளது. கூண்டின் அருகில் நிற்பவன் மனிதன். நள்ளிரவில் எலியொன்று நோவால் ஒடுங்கிக் கிடப்பதைக் கண்டறிந்து ஆவன செய்வது அவனுடைய கண்ணும் உள்ளமுமே. இரக்கமுடையார் அனைவரும் இத்தொழிலை வெறுத்து விலகுவராயின், அவ்விடத்தே இரக்கமிலார் அன்றோ நிற்பர்?

ஆகவே, தோழர் தம் விருப்பத்திற்கு நாணவேண்டுவதில்லை. எனினும், விருப்பம் ஒன்றே போதாது. விலங்கியல் வகுப்புகளில் உயிர்களை அறுத்துக் கற்பிப்பதை நிறுத்துமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் பணித்தமையால், இக்கால மாணவர் பலர் உயிருள்ள விலங்கைக் கையாலும் தொடாமலே பட்டம் பெறுகின்றனர். அது நன்றே. ஆயினும் ஆராய்ச்சியிற் புகுவோர், விலங்கைப் பேணவும், அச்சுறுத்தாது ஏந்தவும், அதன் நோவின் குறிப்பை அறியவும் முதற்கண் பயிலல்வேண்டும். கணிதமும் நன்கு கற்கவேண்டும். பிழைபடத் திட்டமிட்ட சோதனையில் மாயும் உயிர் வீணே மாய்கின்றது.

கூண்டைத் திறக்குந்தோறும் அவர் உள்ளம் சற்றே தயங்குமாயின், அத்தயக்கத்தைக் குறையென்று எண்ணற்க. அஃது அறவே நீங்கிய நாளில் அவர் அத்தொழிலை விட்டு நீங்குக. இதுவே யாம் அவர்க்குக் கூறுவது.