தாயின் மனதையும் கவனிக்கும் நர்சுகள்

இங்கிலாந்தில் கண்ட பலன்

குழந்தை பிறந்த வீட்டில் எல்லோர் கண்ணும் குழந்தை மீதுதான். எடை கூடியதா, பால் குடிக்கிறதா என்று விசாரிப்பார்கள். பெற்றவளின் மனம் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பவர்கள் சிலரே.

இங்கிலாந்தில் பிள்ளை பெற்ற பெண்களில் பத்தில் ஒருவருக்கு மேல், ஓராண்டுக்குள் மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள். தூக்கம் வராது. காரணம் தெரியாமல் அழுகை வரும். "நான் நல்ல தாய் அல்ல" என்ற எண்ணம் மனதை அரிக்கும். இது சோம்பல் அல்ல, திமிரும் அல்ல. இது ஒரு நோய். முற்றினால் உயிருக்கே ஆபத்து.

வீடு தேடி வருவார்கள்

அந்த நாட்டில் "ஹெல்த் விசிட்டர்" என்ற நர்சுகள் உண்டு. பிள்ளை பெற்றவர்களின் வீடுகளுக்கு அவர்களே தேடிப் போவார்கள். வெட்கப்பட்டு டாக்டரிடம் போகாத தாய் கூட, வீட்டுக்கு வந்த நர்சிடம் மனம் விட்டுப் பேசுவாள். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்கவும் பயிற்சி வேண்டும்.

1987-ல் டாக்டர் ஜான் காக்சும் அவருடன் உழைத்தவர்களும் 10 கேள்விகள் கொண்ட தாள் ஒன்றை வெளியிட்டார்கள். கடந்த 7 நாட்களில் தன் மனம் எப்படி இருந்தது என்று தாயே அதில் குறிக்க வேண்டும். சிரித்த முகத்துக்குள் ஒளிந்திருக்கும் துயரம் அதில் தெரிந்து விடும்.

அவர்கள் 1989-ல் இன்னொரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். மனச்சோர்வு கண்ட 26 தாய்மார்களிடம் பயிற்சி பெற்ற நர்சுகள் வாரம் ஒருமுறை பேசினார்கள். 18 பேர் குணமானார்கள். அப்படிப் பேச ஆள் இல்லாத 24 பேரில் குணமானவர்கள் 9 பேர்தான்.

வராமலும் தடுக்கலாம்

இங்கிலாந்தின் டிரெண்ட் பகுதியில் நடந்த பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2009-ல் வெளிவந்தது. பிரசவமான 6-வது வாரத்தில் சோர்வு கண்ட தாய்மார்களைக் கவனித்தார்கள். 6-வது மாதத்திலும் சோர்வு நீங்காதவர்கள், வழக்கமான கவனிப்பில் 100-க்கு 46 பேர். பயிற்சி பெற்ற நர்சுகளின் கவனிப்பில் 34 பேர்.

2011-ல் மற்றொரு நல்ல செய்தி வந்தது. தொடக்கத்தில் சோர்வே இல்லாத தாய்மார்களிலும், பயிற்சி பெற்ற நர்சுகளின் கவனிப்பில் இருந்தவர்களுக்குப் பின்னால் அது வருவது குறைந்திருந்தது.

பேச்சு மட்டும் எல்லோருக்கும் போதாது. நோய் கடுமையானால் டாக்டரும் மருந்தும் அவசியம்.

ஆனால் 2015-க்குப் பிறகு இங்கிலாந்தில் இந்த நர்சுகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்து விட்டது. ஒருவர் பார்க்க வேண்டிய வீடுகள் பெருகி விட்டன. குழந்தையை நிறுத்துப் பார்த்து விட்டு அடுத்த வீட்டுக்கு ஓடும் நர்சு, தாயின் அருகே எப்போது உட்காருவார்? பயிற்சி கொடுத்தால் மட்டும் போதாது. உட்கார்ந்து கேட்க நேரமும் கொடுக்க வேண்டும்.