பி.பி. மெஷினுக்கும் வயசாகும்!

நாடி பிடிக்கிற சித்த வைத்தியனுக்கு மெஷின் பேச்சு எதற்கு என்பீர்கள். என்னிடம் வருகிறவர்கள், வீட்டு பி.பி. மெஷினில் பார்த்ததை நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறார்களே! மெஷின் வாங்கி 6, 7 வருஷம் ஆகியிருக்கும். கையில் சுற்றும் பட்டையின் வெல்க்ரோ ஒட்டாது, குழாயில் விரிசல். காற்று கசிந்தால் அளவு எப்படிச் சரியாக வரும்? அதை நம்பி மாத்திரையை நீங்களாகக் கூட்டுவதும் நிறுத்துவதும் ஆபத்து.

வருஷத்துக்கு ஒரு முறை மெஷினையும் டாக்டரிடம் எடுத்துப் போங்கள். 5 நிமிஷம் அமைதியாக உட்கார்ந்து, ஒரே கையில், அவர் கருவியிலும் உங்களுடையதிலும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் 10 பாயின்ட்டுக்கு மேல் வித்தியாசமா? முதலில் பேட்டரி, பிறகு பட்டையை மாற்றுங்கள். பல மாடல்களுக்குப் பட்டை தனியாகவே கிடைக்கிறது. அப்படியும் சரிப்படவில்லையென்றால் புதுசு வாங்கிவிடுங்கள்.

பழசை? தயவுசெய்து ஊரிலிருக்கும் அம்மாவுக்கு அனுப்பி வைக்காதீர்கள்!