குறையாததுதான் குறை

விமான எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவன் என்று தெரிந்தால், எல்லோரும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "சார், நடுவானத்துல எஞ்சின் நின்னு போச்சுன்னா?"

நான் வேலை பார்த்தது பெரிய ஜெட் விமானங்களில் அல்ல. பயிற்சிப் பள்ளி மாணவர்கள் ஓட்டிப் பழகும் செஸ்னா 172 என்ற நாலு சீட் விமானத்தில். உலகத்திலேயே அதிக எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட விமானம் அதுதான். எங்களிடம் இருந்த பழைய மாடலில் லைகமிங் ஓ-320 எஞ்சின். நான்கு சிலிண்டர், 150 குதிரைத்திறன், காற்றால் குளிரும் ரகம். உங்கள் வீட்டு பெட்ரோல் காரின் எஞ்சினுக்குத் தூரத்துச் சொந்தம்.

அந்தக் கேள்விக்கான பதிலில் ஒரு பகுதி ஸ்பார்க் பிளக்கில் இருக்கிறது. காரில் பெரும்பாலும் சிலிண்டருக்கு ஒரு பிளக். இங்கே இரண்டு. ஆக மொத்தம் எட்டு. அவற்றுக்குத் தீப்பொறி கொடுக்க இடது, வலது என்று இரண்டு மேக்னெட்டோக்கள். ஆளுக்கு நான்கு பிளக். உள்ளே சுழலும் காந்தமே மின்சாரத்தை உண்டாக்கிக்கொள்வதால், பேட்டரி செத்துப்போனாலும் தீப்பொறி நிற்காது. ஒரு மேக்னெட்டோ பழுதானாலும் இன்னொன்று எஞ்சினை ஓட்டிவிடும்.

சரி, பேட்டரியே வேண்டாம் என்கிற கருவியை அணைப்பது எப்படி? ஒவ்வொரு மேக்னெட்டோவிலிருந்தும் சாவி சுவிட்சுக்கு ஒரு எர்த் வயர் போகும். சாவியை ஆஃபில் வைத்தால் மின்சாரம் அந்த வயர் வழியாக விமானத்தின் உடம்பில் இறங்கிவிடும், பிளக்குக்குப் போகாது. வீட்டு சுவிட்சுக்கு நேர் எதிர். வீட்டில் வயர் அறுந்தால் விளக்கு எரியாது. இங்கே வயர் அறுந்தால் மேக்னெட்டோவை அணைக்கவே முடியாது. வானத்தில் அது வரம். தரையில் அது என்ன என்பதை என் இருபத்துநாலு வயதில் தெரிந்துகொண்டேன்.

இந்த வகை எஞ்சினை 2,000 மணி நேரம் ஓடியதும், அல்லது 12 ஆண்டுகள் ஆனதும், முழுசாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. அப்படி அனுப்பிய எஞ்சின் ஒன்று மரப்பெட்டியில் திரும்பி வந்தது. செயின் பிளாக்கில் தூக்கி, விமானத்தின் மூக்கில் நான்கு போல்ட்டுகளில் உட்கார வைத்தோம். பெட்ரோல் குழாய், ஆயில் குழாய், திராட்டில் கேபிள், புகைபோக்கி, கடைசியில் புரொபெல்லர். ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்து, புத்தகத்தில் சொன்ன அளவுக்கு முறுக்கினோம். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்பும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றினோம். ஆயில் ஏறாமல் புது எஞ்சினை ஓட்டினால் பேரிங்குகள் போய்விடும்.

எல்லாம் முடிந்து ஸ்டார்ட் செய்தோம். முதல் முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது. எங்கள் சீஃப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "மேக்னெட்டோ செக் பண்ணு தம்பி" என்றார்.

எஞ்சினை நிமிடத்துக்கு 1,700 சுற்றில் வைத்துக்கொண்டு, சாவியால் ஒரு மேக்னெட்டோவை அணைத்து, இன்னொன்றில் மட்டும் ஓடவிட வேண்டும். சிலிண்டரில் ஒரு பிளக் மட்டும் வேலை செய்தால் தீ ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பரவும். எரிவது கொஞ்சம் தாமதமாகும், சுற்று சற்றுக் குறையும். எங்கள் மாடலில் 125 வரை குறையலாம். அதற்கு மேல் போனால் கோளாறு.

இடதில் மட்டும் ஓடவிட்டேன். ஐம்பது, அறுபது சுற்று குறைந்தது. வலதுக்குத் திருப்பினேன். முள் அசையவே இல்லை.

"துளிகூட டிராப் இல்லை சார்! புது எஞ்சின்னா புது எஞ்சின்தான்!" என்றேன். 125-க்குள் இருக்க வேண்டும்; பூஜ்யம் 125-ஐவிட நல்லதுதானே?

சீஃப் சிரிக்கவில்லை. எஞ்சின் வேகத்தைக் குறைத்து, சாவியை ஒரு நொடி ஆஃபுக்குத் திருப்பினார். நிற்க வேண்டிய எஞ்சின் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.

"குறையாததுதான் குறை" என்றார். பெட்ரோலை நிறுத்தும் மிக்ஸர் நாப்பை இழுத்து எஞ்சினை அணைத்தார். இறங்கியதும் முதல் வேலையாக, "யாரும் புரொபெல்லர் கிட்ட போகக் கூடாது" என்று சத்தம் போட்டார்.

எஞ்சின் கவரைத் திறந்தோம். இடது மேக்னெட்டோவின் எர்த் வயர், கழற்றும்போது நான் டேப் சுற்றி ஓரமாகக் கட்டி வைத்தபடியே இருந்தது. அதை மாட்டப் போன நேரத்தில் யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்து, அடுத்த வேலையிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.

இந்த எஞ்சினை வழக்கமாக நிறுத்துவது சாவியால் அல்ல, மிக்ஸர் நாப்பால்தான். அதனால் அந்தச் சோதனையைச் சரியாகச் செய்யாவிட்டால், இந்தக் கோளாறு எத்தனை நாள் வேண்டுமானாலும் ஒளிந்திருக்கும். அதுவும் இடது மேக்னெட்டோவில், ஸ்டார்ட் செய்ய உதவுவதற்காக, மெதுவாகச் சுற்றினாலும் நல்ல தீப்பொறி கிடைக்க ஒரு ஸ்பிரிங் ஏற்பாடு உண்டு. சிலிண்டரில் மிச்சமிருக்கும் கொஞ்சம் பெட்ரோல் ஆவி போதும். கையால் லேசாகத் திருப்பினாலும் புரொபெல்லர் அடித்துவிடும்.

எங்கள் ஹேங்கரில் தினமும் காலையில் விமானம் துடைக்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். கீழே இருக்கும் இறக்கையைத் துடைத்து முடித்ததும், மேலே இருப்பதைக் கையால் இழுத்துக் கீழே கொண்டுவந்து துடைப்பார். சாவி ஆஃபில் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொடுவார். மறுநாள் காலையிலும் பார்த்திருப்பார். ஆஃபில்தான் இருந்திருக்கும்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சீஃப் என்னைத் திட்டவில்லை. "நானும் டார்ச் அடிச்சுப் பார்த்தேன், என் கண்ணுக்கும் தப்பிடுச்சு. அதுக்குத்தான்யா டெஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்கு" என்றார். பிறகு இரண்டு விஷயம் சொன்னார். வேலையைப் பாதியில் விட்டு எழுந்தால், திரும்பி வந்து மூன்று படி பின்னால் போய் ஆரம்பிக்க வேண்டும். சோதனை செய்கிறபோது, என்ன நடக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் பார்க்க வேண்டும். அது நடக்காவிட்டால், நல்லதாகத் தெரிந்தாலும் நம்பக் கூடாது.

இதற்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? உங்கள் வீட்டு மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. அல்லது இ.எல்.சி.பி. என்று ஒரு சுவிட்ச் இருக்கலாம். மின்கசிவு ஏற்பட்டால் கரன்ட்டைத் துண்டித்து உயிரைக் காப்பது அதன் வேலை. அதில் 'டி' என்றோ 'டெஸ்ட்' என்றோ எழுதிய ஒரு சின்ன பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் சுவிட்ச் டக்கென்று விழுந்து கரன்ட் போக வேண்டும்.

கம்ப்யூட்டர், டி.வி. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இன்று ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கரன்ட் போனால் சந்தோஷப்படுங்கள். சுவிட்சை மேலே தூக்கிவிட்டால் திரும்பி வந்துவிடும். அழுத்தியும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், 'பரவாயில்லையே, கரன்ட் போகலையே' என்று இருந்துவிடாதீர்கள். உடனே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.